கூரைக்கல்லின் மட்டம்

“கப்பலேறிப் போக எனக்கு அனுமதி கொடுங்கள், அப்பா. அந்தப் பள்ளிவாசலில் இனி என்னால் பாங்கு சொல்ல முடியாது.”

கேட்டவன் ஷுஐபு மரைக்காயர். கடற்கரைப் பட்டினத்தில் புதிதாக எழும்பிய கற்பள்ளிக்கு அவன்தான் மோதினார். சீடர்கள் எல்லோரும் அப்பா என்று அழைக்கும் ஹம்ஸா ஞானியாரின் முன் உட்கார்ந்திருந்தான்.

என்ன நடந்தது என்று அப்பா கேட்டார்.

பள்ளிக்குள் ஒரு குரல் இருக்கிறது என்றான். தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராபு மாடத்துக்கு நேரே நிற்கும் தூணடியில் நெற்றியைத் தரையில் வைத்ததும் பேசுகிறது.

மற்றவர்களுக்கு அது கல்லுக்குள் காற்று நுழைவதுபோலத்தான் கேட்டது. அதற்கே பயந்து அந்த இடத்தை விட்டு விலகி நின்றார்கள். தொழுகை வரிசை நடுவில் அறுந்தது. தூணைப் பெயர்த்து எறிந்துவிடலாம் என்று ஊரில் பேச்சு எழுந்திருந்தது.

ஷுஐபுக்கு மட்டும் சொற்கள் கேட்டன. யாருடைய குரல் என்பதும் தெரிந்தது.

சாத்தனின் குரல். கோயில் கட்டும் கல்தச்சர் குடியில் பிறந்தவன். பாண்டியன் கொடுத்த நிலத்தில் பள்ளி எழும்பியபோது தூண்களைச் செதுக்கியது அவன்தான். அடியில் சதுரம், மேலே எட்டுப் பட்டை, உச்சியில் கவிழ்ந்த தாமரை. உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்று சொன்னபோது, பூ மட்டும் செத்ததா என்று கேட்டுச் சிரித்தவன்.

கூரைக்கற்களை ஏற்றிய அன்று ஷுஐபு மேலே நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாத்தன் தூணடியில் நின்று அண்ணாந்து பார்த்து, அப்போது வைத்த கல்லின் மட்டம் சரியா என்று கேட்டான். ஷுஐபு வாய் திறப்பதற்குள் அடுத்த கல்லின் வடம் அறுந்து, கல் சாத்தன்மேல் விழுந்தது.

“இப்போது என்ன சொல்கிறான்?”

“அதையேதான். ‘மட்டம் சரியா, மரைக்காயரே?’ வேறு பேச்சே இல்லை.”

“நீ என்ன செய்தாய்?”

ஓதி ஊதினேன் என்றான். சாம்பிராணி போட்டேன். தூணில் ஓதிய தகடு கட்டினேன்.

“பதில் சொல்லவில்லையா?”

இல்லை என்று ஷுஐபு தலையாட்டினான்.

அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து பள்ளி காலியாகக் கிடந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கால் வைத்ததும் கல் சில்லிட்டது. அலைச் சத்தம் வாசலோடு நின்றுவிட்டது.

அப்பா அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

“உங்களுக்குக் கேட்கிறதா, அப்பா?”

“இல்லை. என்னிடம் அவன் எதுவும் கேட்கவில்லை.”

ஷுஐபு மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான்.

“மட்டம் சரியா, மரைக்காயரே?”

காதுக்கு மிக அருகில். அந்த மூச்சில் வெற்றிலை வாசம்கூட இருந்தது.

சரி என்று சொல்லிவிட வாயெடுத்தான். அப்பா அவன் வாயைப் பொத்தினார். மறு கையால் கூரையைக் காட்டினார்.

ஷுஐபு ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். சாத்தன் மட்டம் கேட்ட அந்தக் கல்லின்மேல் சுண்ணாம்பு பூச யாரும் துணியவில்லை. விழுந்த கல்லின் இடத்தைக் கீற்றால் மூடியிருந்தார்கள். அவன் வெறுங்கல்லில் தண்ணீரை ஊற்றினான்.

தண்ணீர் மெதுவாக மேற்கே நகர்ந்தது. மறுபடி ஊற்றினான். மறுபடியும் மேற்கே போனது.

கீற்றை விலக்கிவிட்டு, கல்லின்மேல் கையூன்றி, கீழே இருந்த இருட்டைப் பார்த்துச் சொன்னான்.

“மேற்கே சாய்ந்திருக்கிறது, சாத்தா. ஒரு நெல் கனம்.”



பிறகு, கல்லுக்கு அடியில், ஆப்பைத் தட்டும் ஒலி. ஒரு தட்டு. நிமிர்ந்து பார்ப்பவனுக்கு வேண்டிய இடைவெளி. இன்னொரு தட்டு.

ஷுஐபின் உள்ளங்கைக்குக் கீழே கல் அசைந்தது.

செம்பில் மிச்சமிருந்ததை ஊற்றினான். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் ஊற்றிய இடத்திலேயே நின்றது.

“சரி,” என்றான். “இப்போது சரி.”

இறங்கி வந்தபோது தூணடியில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் தோளிலும் தலைப்பாகையிலும் புதுக் கல்தூள் படிந்திருந்தது.

ஷுஐபு தூணைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றான்.

“போய்விட்டானா, அப்பா?”

“வேலை முடிந்தவன் எதற்கு நிற்பான்?”

அப்பா தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“அஸர் பாங்குக்கு நேரமாகிவிட்டது. நீ எதற்கு நிற்கிறாய்?”