சம்பந்திக் காடு

சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன், கேளுங்கள்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும்.

முன்னொரு காலத்தில் ஆனைமேட்டூர் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பொட்டலில் கோழி முட்டையிட்டால் அவித்த முட்டையாகத்தான் கிடைக்கும். அப்படி வெயில்.

மனமிரங்கிய அரசர், ஊருக்குப் பொதுவாக ஒரு காடு வளர்க்கச் சொல்லி ஒரு பை பொன் கொடுத்தார். ஊர்த்தலைவர் செவத்தையன் மேளம் கொட்டிக் கன்று நட்டார். ஆடு தின்றது. இரண்டாம் பை வந்தது. காவலுக்கு ஆள் போட்டார். காவல்காரர் தூங்கினார், கன்று காய்ந்தது. மூன்றாம் பை வந்தது. கிளுவைக் குச்சி ஊன்றி வேலி போட்டார். வேலி துளிர்த்தது, கன்று செத்தது.

"இனிப் பொன் கிடையாது. மூன்று வருடத்தில் நிழலைக் காட்டாவிட்டால் பொட்டல் என் குதிரைகளுக்கு" என்றுவிட்டார் அரசர். ஊருக்கென்று இருந்த பொதுநிலம் அது ஒன்றுதான்.

செவத்தையன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் மகளின் மாமியார் வடிவாம்பாள் வந்து சேர்ந்தார். பதினோரு வருடத்துக்கு முன் கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு இரண்டாம் தடவை பாயசம் வரவில்லை என்று ஆரம்பித்தார். செவத்தையன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பொறி தட்டியது. இந்த ஊரில் அரசருக்கு அஞ்சாதவர் உண்டு. சம்பந்திக்கு அஞ்சாதவர் உண்டா?

மறுவாரமே எல்லா வீட்டுச் சம்பந்திகளையும் விருந்துக்கு அழைத்தார். அவர்கள் கண்முன்னால், வீட்டுக்கு ஒரு கன்று, சம்பந்தி பெயரைச் சொல்லி நட வைத்தார்.

அதன்பிறகு சம்பந்திகள் பொங்கலுக்கு வந்தாலும் சரி, காதுகுத்துக்கு வந்தாலும் சரி, நேரே பொட்டலுக்குத்தான் போனார்கள். வடிவாம்பாள் தன் வேங்கைக் கன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன சம்பந்தி, பக்கத்துக் கன்னுல உங்க அடுத்த வீட்டுச் சம்பந்தி பூங்காவனம் அம்மா கொழுகொழுன்னு நிக்கிறாங்க. நான் மட்டும் ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கேன்?"

அன்றிலிருந்து செவத்தையன் காலையில் ஒரு குடம், மதியம் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் சுமந்தார். ஊரே சுமந்தது. ஒரு ஆடு எட்டிப் பார்த்தால் ஊரே கம்போடு ஓடியது.

மூன்றாம் வருடம் அரசர் குதிரைகளோடு வந்தார். உள்ளே நுழைந்த குதிரைகள் வெளியே வர வழி தெரியாமல் மூன்று நாள் சுற்றின. விவரம் கேட்ட அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செவத்தையா, ஒரு கன்று கிடைக்குமா? என் மருமகளைப் பெற்றவர் அடுத்த மாதம் வருகிறார்" என்றார்.

மறுநாள் முதல் அரசரும் குடம் தூக்கினார்.

பொன் கொடுத்தால் கன்று நடலாம். ஒவ்வொரு கன்றுக்கும் பதில் சொல்ல ஒருவர் இருந்தால்தான் அது காடாகும்.

இதைச் சொன்னது யாரென்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தக் காட்டில் என் சம்பந்தி பெயரில் நிற்கிற வேம்புக்கு நான் இன்றைக்கு இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை.