கூழைக்கடா வாயை மூடிய நாள்

ஆம்பல் ஏரியில் வாத்துகள் இரை தேடப் போனால், குஞ்சுகளெல்லாம் நெற்றியில் வெள்ளை நாமமிட்ட நீர்ப்பறவையான நாமக்கோழியின் பொறுப்பு. ஒண்டியாக அது எத்தனையைத்தான் சமாளிக்கும்? கூடமாட இருந்து வேலை பழக ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியது.

வந்தது யார் தெரியுமா? கூழைக்கடா! பேரன் பேத்தி எடுத்த வயசு. அலகுக்குக் கீழே தொங்குகிற பையிலேயே நாமக்கோழியை உட்கார வைக்கலாம், அவ்வளவு பெரிய உடம்பு.

"டீச்சரம்மா, நான் என்ன செய்யணும்?"

"கூடவே இருந்து பாருங்கண்ணே!"

பார்த்தது. நாமக்கோழி ஒன்றுமே செய்யவில்லை! குஞ்சுகள் தண்ணீரில் முங்கப் பழகின, புரையேறி இருமின. ஒன்று பாசியில் கால் சிக்கிக் கத்தியது. நாமக்கோழி கிட்டே போய் நின்றது. குஞ்சு தானே உதறிக்கொண்டு வந்துவிட்டது.

'சும்மா நிற்க எதுக்குப் பயிற்சி?' கூழைக்கடாவுக்கு மண்டை குடைந்தது.

மறுநாள் நாமக்கோழி தன் கூட்டுக்குப் போன நேரம், குஞ்சுகள் சிணுங்கின. "முங்கி முங்கி மூக்கு எரியுது மாமா!"

"அட என் கண்ணுங்களா! ஏறுங்க!" என்று அலகை விரித்தது கூழைக்கடா. எல்லாம் பைக்குள் ஏறிக்கொண்டன. சிட்டு என்ற குஞ்சு மட்டும், "ஐயே, மீன் நாத்தம்!" என்று ஒதுங்கி, தனியாக முங்கி விளையாடியது.

அன்றிலிருந்து டீச்சரம்மா தலை மறைந்தால் பைச் சவாரிதான். 'குஞ்சுகளுக்கு என்னைத்தான் பிடிக்குது' என்று கூழைக்கடாவுக்கு ஒரே பெருமை.

ஒரு மத்தியானம் பருந்து வந்தது. சிட்டு சட்டென்று முங்கிவிட்டது. மற்றவை கூழைக்கடாவின் வாய்க்கு ஓடின! தள்ளுமுள்ளில் கடைசிக் குஞ்சு வெளியே மாட்டிக்கொண்டது. பருந்தின் நகம் அதன் முதுகைக் கீறியது. நல்லவேளை, நாமக்கோழி பாய்ந்து வந்து விரட்டியது.

கூழைக்கடா நாமக்கோழி முன்னால் வந்து நின்றது. "என்னால ஒரு உயிர் போயிருக்கும்! எனக்கு இந்த வேலை வேண்டாம்மா."

"போயிட்டா எப்படிக் கத்துக்குவீங்க? நான் சும்மா நின்னப்போ என்ன செஞ்சேன்னு கேக்கவே இல்லையே!"

"என்ன செஞ்சீங்க?"

"எது நல்லா மூச்சடக்குது, எது பயப்படுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். பயப்படுறது பக்கத்துல போய் நிப்பேன். தேறினதும் தள்ளி நிப்பேன்."

அடேயப்பா, அதுதான் வேலையா!

அதற்கப்புறம் கூழைக்கடா பார்க்கப் பழகியது. பைச் சவாரி கேட்டுக் குஞ்சுகள் கெஞ்சின, கோபித்தன, "கஞ்ச மாமா!" என்று திட்டின. வலித்தது. ஆனாலும் அலகைத் திறக்காமல் பக்கத்திலேயே நின்றது.

பருந்து மறுபடி வந்தது. நாமக்கோழியோ அக்கரையில்! சிட்டு முங்கியது, மற்றவையும் முங்கின. கீறல் பட்ட குஞ்சு மட்டும் அலறிக்கொண்டு ஓடி வந்து கூழைக்கடாவின் அலகைக் கொத்தியது. "திறங்க மாமா! திறங்க!"

கூழைக்கடாவுக்குத் திறக்கத்தான் ஆசை. ஆனால் தன் பெரிய உடம்போடு அதற்கு முங்க வராது. குஞ்சைப் பையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே நின்றால் பருந்துக்குப் பைதான் குறி. அலகை இறுக மூடி, தலையைத் தாழ்த்தித் தண்ணீருக்குள் அழுத்திக் காட்டியது. குஞ்சு ஒரு கணம் பார்த்தது. ப்ளக்! முங்கிவிட்டது.

பருந்து வட்டமடித்து, வெறுங்காலோடு போனது. குட்டித் தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசியாக அந்தக் குஞ்சும் வந்தது.

அப்போதுதான் கூழைக்கடா வாயைத் திறந்தது, ஓவென்று அழ!

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற பெரியவர்கள், தூக்க ஓடுவதற்கு முன் பக்கத்தில் நின்று பார்க்கப் பழக வேண்டும்.