விழிக்கும் வரிசை

“டீச்சர், ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் இந்தப் பொட்டி நான் சொன்னதை மறந்திருது” என்றார் உலகநாதன்.

சபீனா நனைந்த செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“எல்லாத்தையுமா, அண்ணாச்சி?”

“எல்லாத்தையும். ஒரு எழுத்து மிச்சமில்லை.”

“நீங்க சொல்லுறதை நிறுத்திப் பாத்தீங்களா?”

உலகநாதனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது.

அது மலையடிவாரத்து அணையொன்றின் தகவல் அறை. உலகநாதன் அதன் பொறுப்பாளர், ஐம்பதைக் கடந்தவர். சபீனா அவரைவிட மிக இளையவர். துறையின் பயிற்சிக் கூடத்தில் கணினித் தடங்களைப் பற்றிப் பாடம் நடத்துபவர். அந்த வகுப்பின் முதல் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்த நாள்முதல் உலகநாதன் அவரை டீச்சர் என்றே அழைத்துவந்தார். வயது அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

அறையின் மூலையில் ஒரு சர்வர் இருந்தது. ஆயுத பூஜையன்று வைத்த சந்தனம் அதன் நெற்றியில் காய்ந்திருந்தது. மறுதொடக்கப் பொத்தானின்மீது ஒரு தாளை ஒட்டி, அதன்மேல் கொட்டை எழுத்தில் ‘தொடாதே’ என்று எழுதியிருந்தார்கள்.

சர்வரில் இருந்த இரண்டு இணைப்பு அட்டைகளிலிருந்து இரண்டு தடங்கள் புறப்பட்டன. முதல் அட்டையின் தடம், ஆற்றின் படித்துறைகளில் நிற்கும் அபாயச் சங்குகளுக்குச் சென்றது. மற்றொன்று, நகரத்துத் தலைமை அலுவலகத்துக்குச் சென்றது.

மதகைத் திறக்குமுன் சங்கு ஊத வேண்டும். ஊதினால் ஆற்றில் இருப்பவர்கள் கரையேறுவார்கள். ஊதாவிட்டால், செய்தியைத் தண்ணீரே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆனால் மதகின் மோட்டார்களை இயக்க, மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு மாற்றியாக வேண்டும். மாற்றும் நொடியில் சர்வர் அணைந்து மீண்டும் எழும். இடையில் தாங்க வேண்டிய பேட்டரி செத்து வெகுகாலமாயிற்று. புதியது வந்துகொண்டே இருந்தது.

எழுந்த சர்வரில் சங்குத் தடம் செத்திருக்கும். சங்கு எப்போது தேவையோ, அப்போது பார்த்துச் சங்கு இராது.

அந்த நேரத்தில் உலகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வார். அரை வெற்றிலை மெல்லும் பொழுதுக்குள் கட்டளைகளை மனப்பாடமாக அடித்து முடிப்பார். பச்சை விளக்கு எரியும். சங்கு ஊதும். அணையில் அவருக்கு மந்திரக்காரர் என்று பெயர்.

“போன மாசம் மகளுக்கு வளைகாப்பு” என்றார் அவர். “ஒரே ஒரு நாள் லீவு போட்டேன்.”

மீதிக் கதை சபீனாவுக்குத் தெரியும். அன்று சங்கு ஊதவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஆறு இழுத்துச் சென்றது. பாலத்துத் தூணைக் கட்டிக்கொண்டு அவள் பிழைத்தாள்.

“அன்னைக்கு அணைக்கு ஏறுனவன் இன்னும் வீட்டுக்கு எறங்கலை, டீச்சர். பேரன் பொறந்துட்டான். போட்டோவுலதான் பாத்தேன்.”

“இன்னைக்கு மதகு உண்டா?”

“தண்ணி மட்டம் அபாயக் கோட்டைத் தொட்டா உண்டு. இன்னைக்கு ஐப்பசி முழுக்கு வேற. கீழ படித்துறை பூரா சனம்.”

சபீனா விளக்குப் பலகையைப் பார்த்தார். இரண்டு தடங்களும் பச்சையாக இருந்தன.

“இதுல என்ன பிழை?”

“இதுல ஒண்ணுமில்லை. எழும்பும்போதுதான் பிழை.”

“எழும்பும்போது பாத்திருக்கீங்களா?”

“எத்தனை தடவை!”

“திரையில என்ன வரும்?”

உலகநாதன் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நான் எங்க பாத்தேன்… அதுக்குள்ள அடிக்க ஆரம்பிச்சிருவேன்லா.”

“டீ கிடைக்குமா?” என்றார் சபீனா.

கோபம் வந்தது உலகநாதனுக்கு. தலைக்குமேல் வெள்ளம் நிற்கிறது. இந்த அம்மாவுக்கு டீ. ஆனாலும் பிளாஸ்க்கையும் இரண்டு டம்ளர்களையும் எடுத்துவந்தார். சபீனா தாமே வாங்கி, இரண்டிலும் விளிம்பு தளும்ப ஊற்றினார். ஒன்றை அவருடைய வலக்கையில் கொடுத்தார். மற்றொன்றை இடக்கையில் கொடுத்தார்.

“ஒண்ணு உங்களுக்கில்லையா?”

“ரெண்டும் உங்களுக்குத்தான். கீழ வைக்கக் கூடாது. சிந்தவும் கூடாது.”

சொல்லிவிட்டுச் சர்வரின் அருகே சென்றார். ‘தொடாதே’ என்ற தாளை நகத்தால் கிளப்பினார். பொத்தானை அழுத்தினார்.

“அய்யய்யோ, டீச்சர்!”

பச்சை விளக்குகள் இரண்டும் அணைந்தன.

கதவு படாரென்று திறந்தது. உதவிப் பொறியாளர் ஞானதிரவியம் நின்றிருந்தார். மதகுமேடையில் இருந்த எச்சரிக்கை மணி அடித்து அவரை அழைத்துவந்திருந்தது.

“சங்கு போச்சுன்னு மணி அடிக்கி! எவன்வே கை வச்சது?”

“நான்தான், சார்” என்றார் சபீனா.

ஞானதிரவியம் அவரைப் பார்த்தார். பிறகு, இரண்டு கைகளிலும் டம்ளர் ஏந்தி நின்ற உலகநாதனைப் பார்த்தார்.

“மட்டம் கோட்டுக்கு ஒரு சாண் கீழ நிக்கி. ஆத்துக்குள்ள அம்புட்டு சனம் நிக்கி. நீங்க ரெண்டு பேரும் இங்க டீக்கடை நடத்துதீங்களோ?”

“டீச்சர், வாங்கிக்கோங்க. ஒரு நிமிசத்துல சங்கைக் கொண்டாந்திருவேன்” என்று கெஞ்சினார் உலகநாதன்.

“திரையைப் பாருங்க.”

“கை சுடுது, டீச்சர்.”

“கண்ணு சுடலைல்லா? பாருங்க.”

வேறு வழியில்லை. உலகநாதன் பார்த்தார்.

கருந்திரையில் வெள்ளெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. அவருடைய விரல்கள் டம்ளரைச் சுற்றித் துடித்தன. அவை பழகிய வேலையைத் தேடின. கிடைக்காதபோது, கண்கள் வேலை செய்யத் தொடங்கின.

முதலில், இரண்டாம் இணைப்பு அட்டை விழித்ததாக ஒரு வரி வந்தது.

அதன்பின், முதல் அட்டை விழித்ததாக ஒரு வரி வந்தது.

அதன்பின் மற்றொரு வரி வந்தது: முன்னே விழித்தவருக்குச் சங்கின் முகவரி. பின்னே விழித்தவருக்குத் தலைமை அலுவலகத்தின் முகவரி.

சங்கின் முகவரி, சங்குக்குப் போகாத கம்பியில் போய் அமர்ந்துகொண்டது.

“ஆள் மாறிப்போச்சு” என்றார் உலகநாதன் மெல்ல.

“யாரு?”

“முன்னால எந்திரிச்சவன்தான் சங்குக்காரன்னு இது நெனைக்கி. கோடையில இடி விழுந்து முதல் அட்டை எரிஞ்சுபோச்சுல்லா? புது அட்டை போட்டோம். அது மெதுவாத்தான் முழிக்கி. மத்தவன் முந்திக்கிடுதான்.”

“முன்னால எந்திரிச்சவனுக்குச் சங்கைக் குடுன்னு யாரு சொன்னா?”

“தொடக்கக் கோப்புல இருக்கு. பொட்டியை வச்சவங்க எழுதுனது.”

“நீங்க ஒவ்வொரு தடவையும் அடிக்கிற கட்டளை எங்க இருக்கு?”

ஞானதிரவியம் முந்திக்கொண்டார்.

“அந்தாளு மண்டைக்குள்ள இருக்கு. வேற எங்க இருக்கும்?”

டம்ளரிலிருந்து டீ ஒரு சொட்டுச் சிந்தியது.

சபீனா இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

உலகநாதன் நாற்காலியில் அமர்ந்தார். விரல்கள் வழக்கமான கட்டளைகளின்மேல் தாமாகப் போய் இறங்கின. அவற்றை இழுத்துப் பிடித்தார். இத்தனை காலமும் திறந்திராத தொடக்கக் கோப்பைத் திறந்தார். தயாரித்தவர்கள் ஒவ்வோர் அட்டைக்கும் பொறித்துக் கொடுத்த எண்ணைத் தேடி எடுத்தார். இந்த எண்ணுக்குச் சங்கு. அந்த எண்ணுக்குத் தலைமை அலுவலகம். யார் முன்னே விழித்தாலும் சரி, பின்னே விழித்தாலும் சரி. அவ்வாறு எழுதினார். எழுதியதை மூன்று முறை படித்தார். சேமித்தார்.

விளக்குகள் எரியவில்லை.

“எழுதுனா எங்கவே எரியுது?” என்றார் ஞானதிரவியம். “முதல்ல சங்கைக் கொண்டாரும். உம்ம பாடத்தை மழை விட்டப்புறம் படியும்.”

அதுவும் நியாயமே. ஆற்றில் ஆட்கள் நின்றார்கள். உலகநாதன் தம் பழைய கட்டளைகளை மளமளவென்று அடித்தார். சங்குத் தடத்தில் பச்சை எரிந்தது. அடுத்ததிலும் எரிந்தது.

“அதாம்வே மந்திரக்காரர்!” ஞானதிரவியம் அவருடைய முதுகில் ஓங்கித் தட்டினார். கீழே கிடந்த தாளை எடுத்து, எச்சில் தொட்டு, பொத்தானின்மீது பழையபடி ஒட்டினார். “இனி ஒரு பய தொடப்பிடாது. டீச்சரம்மா, உங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்.”

உலகநாதன் பச்சை விளக்குகளைப் பார்த்தபடி இருந்தார். எப்போதும் அவற்றைக் கண்டதும் நெஞ்சு இளகும். இன்று இளகவில்லை.

“டீச்சர், கோப்புல நான் எழுதுனது சரியா?”

“எழுத்துப் பிழை இல்லை.”

“சரியா?”

“எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி?”

“விளக்குதான் எரியுதே!”

“அது எதைக் கேட்டு எரியுது?”

மதகுமேடையிலிருந்து ஒருவன் உரக்கக் கத்தினான். மட்டம் கோட்டை நெருங்கிவிட்டது. ஞானதிரவியம் வாசலை நோக்கித் திரும்பினார்.

உலகநாதன் எழுந்தார். விளக்குகள் கோப்பைக் கேட்டு எரியவில்லை. அவருடைய விரல்களைக் கேட்டே எரிந்தன. கோப்பு இன்னும் வாய் திறக்கவேயில்லை.

அவர் அந்தத் தாளைப் பிய்த்தார்.

ஞானதிரவியம் ஒரே பாய்ச்சலில் வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

“கிறுக்கு பிடிச்சிருக்காவே உமக்கு? ஓடிக்கிட்டிருக்கதை எதுக்கு நிறுத்துதீரு?”

“எப்படியும் நிக்கப் போகுது, சார். ஜெனரேட்டர் மாத்தும்போது.”

“அப்போ நின்னுக்கிடட்டும்!”

“அப்போ தண்ணி கோட்டுல நிக்கும். இப்போ இன்னும் கொஞ்சம் கீழ நிக்கி.”

ஞானதிரவியத்தின் பிடி தளரவில்லை. அவர் சபீனாவைப் பார்த்தார். சபீனா சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சரம்மா, நீங்களாவது சொல்லுங்க!”

சபீனா திரும்பவில்லை.

பிடி தளர்ந்தது.

உலகநாதன் பொத்தானை அழுத்தினார்.

விளக்குகள் அணைந்தன. மேடையில் மணி அடித்தது. திரை கறுத்தது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கை மற்றொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தது; விட்டால் ஓடிவிடும் என்பதுபோல.

இரண்டாம் அட்டை விழித்தது. முந்தித்தான் விழித்தது.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. ஞானதிரவியம் யாருடைய பெயரையோ முணுமுணுத்தார்; தெய்வமாக இருக்கலாம்.

முதல் அட்டை விழித்தது.

சங்குத் தடத்தில் பச்சை எரிந்தது.

மணி ஓய்ந்தது. மழையின் ஓசை மட்டும் எஞ்சியது. யாரும் கைதட்டவில்லை.

ஞானதிரவியம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, உக்காரும். ஜெனரேட்டருக்கு மாத்தச் சொல்லுதேன்.”

உலகநாதன் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினார். ஆணியில் தொங்கிய மழைக்கோட்டை எடுத்து மாட்டினார்.

“எங்கவே கிளம்பிட்டீரு?”

“படித்துறைக்கு.”

“மாத்துத நேரத்துல நீரு இங்க இல்லாமலா?”

உலகநாதன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

சபீனா இப்போது திரும்பினார்.

“அங்க நின்னு என்ன செய்வீங்க, அண்ணாச்சி?”

“சங்கு ஊதும்லா, டீச்சர்?” என்றார் அவர், வாசலைக் கடந்தபடி. “சனத்தோட சனமாக் கரையேறுவேன்.”