நகத்தில் நின்ற சொட்டு

காலை ஆறு மணி. இருபத்திரண்டு பால்காரர்கள். பாலைச் சுத்தமாகக் கையாளும் பயிற்சி வகுப்பு. சொல்லிக்கொடுக்க வந்தவர் பெயர் செண்பகவல்லி, வயது இருபத்தொன்பது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இருளப்பன் முப்பது வருடமாகப் பால் ஊற்றுகிறவர்.

அந்த ஊரில் டீக்கடைக்காரர்கள் பால் வாங்கும்போது கேனுக்குள் விரலை முக்கி, ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விடுவார்கள். வழியாமல் நின்றால் பால் கெட்டி.

"இனி யார் விரலும் கேனுக்குள்ள போகக் கூடாது. கரண்டியால மொண்டு காட்டுங்க" என்றார் செண்பகவல்லி.

இருளப்பன் அப்படியே செய்தார். பத்தாம் நாள், விற்காத பாலோடு செண்பகவல்லியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், நாலு கடையில மூணு போச்சு."

"என்ன சொல்றாங்க, அண்ணாச்சி?"

"விரல் வைக்க விடலைன்னா தண்ணி கலந்துட்டேன்னு அர்த்தமாம். 'முப்பது வருசமா ஒட்டாத அழுக்கு இன்னைக்குத்தான் என் கையில ஒட்டுச்சோ'ன்னு கேக்கான் டீக்கடை வேலாண்டி."

"நாலாவது கடை?"

"அவருக்குக் கண்ணுல புரை. சொட்டு நிக்குதா ஓடுதான்னு தெரியாது. அதான் என்கிட்ட வாங்குறதை விடல."

செண்பகவல்லி சிரிக்கவில்லை.

"பழையபடி விரலை விட்டுக்கோங்கன்னு சொல்லிரவா டீச்சர்? நாளைக்கே மூணு கடையும் வந்துரும். பதினோரு வீட்டுல கறந்து வச்சிட்டு என் சைக்கிளைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

செண்பகவல்லி கேன் மூடியைத் திறந்தார்.

"உங்க விரலை விடுங்க."

இருளப்பன் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து கேன் வாய்க்கு மேல் விரலை நீட்டினார். அது அங்கேயே நின்றது.

"முடியல டீச்சர்."

"மூணு கடை போன பிறகும் கை குழாய்க்குத்தான் போகுது. இனி உங்களால பழையபடி முடியாது, அண்ணாச்சி."

"அப்ப என்னைக் கெடுத்துட்டீங்க."

"ஆமா."

மார்ச் பதினான்காம் தேதி சான்றிதழ் விழா நடந்தது. தலைமை தாங்க வந்த அதிகாரி, மேடையருகே வைத்திருந்த இருளப்பனின் கேனைத் திறந்தார். விரலை முக்கி நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். "நல்ல கெட்டிப் பால்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று அந்தக் கேனில் இருந்த பதினெட்டு லிட்டரை இருளப்பன் யாருக்கும் ஊற்றவில்லை.