விட மறுத்த கை

மடுவின் மேலே மருத மரத்தின் பச்சைக் கொடிகள் சுற்றிய கிளை ஒன்று முறிந்து தொங்கியது. அந்தக் கிளையில் ஒரு தேவாங்கு தொங்கியது. தேவாங்கின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் குட்டி தொங்கியது.

கீழே, செம்மண் கலங்கிய தண்ணீரில், இரண்டு கண்கள் மட்டும் மிதந்தன.

இரவெல்லாம் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தன. விடிகிற நேரத்தில் வேலாயி என்ற அந்தத் தாய்த் தேவாங்கு, குட்டியைச் சுமந்துகொண்டு மறுகரைக்குப் போகப் பார்த்தாள். பாதி வழியில் கிளை படாரென்று முறிந்தது. ஆனால் அறுந்து விழவில்லை. கொஞ்சம் பட்டை மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஈரத்தில் வேலாயியின் கால்கள் வழுக்கின. இப்போது வலது கை ஒன்றுதான் கிளையைப் பற்றியிருந்தது. இடது கை, பொட்டு என்ற அந்தக் குட்டியை வளைத்து இறுக்கியிருந்தது.

தேவாங்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் ஓடாது, கத்தாது. அப்படியே உறைந்துவிடும். மேலே பறக்கும் பருந்து, ஏதோ பட்டுப்போன கட்டை என்று நினைத்துப் போய்விடும். தலைமுறை தலைமுறையாக அந்த இனத்தைக் காத்துவந்தது அந்தப் பழக்கம்தான்.

வேலாயியும் உறைந்தாள். ஆனால் கீழே இருந்தது பருந்து அல்ல. காத்திருக்கத் தெரிந்த முதலை.

"தாயி!" என்று முதலை மெல்லக் கூப்பிட்டது. "பயப்படாதே தாயி. எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. அதான் வந்தேன்."

வேலாயியின் பெரிய கண்கள் தண்ணீரை விட்டு அகலவில்லை.

"நான் சொல்றதைக் கேளு. ரெண்டு கையையும் கல்லு மாதிரி இறுக்கி வச்சுக்கோ. பிள்ளையை மட்டும் விட்டுடாதே! பெத்தவ கை விடலாமா?"

வேலாயியின் மனமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. வார்த்தைகூட மாறவில்லை. அவள் இன்னும் இறுக்கினாள்.

அப்போது பக்கத்துக் கிளையில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து இறக்கையை உதறியது.

"என்னக்கா, விடிஞ்ச பிறகும் வீட்டுக்குப் போகாம ஊஞ்சல் ஆடுறே?"

"வாயை மூடு!" என்றாள் வேலாயி, உதடு அசையாமல். "சத்தம் போட்டா கிளை விழுந்துடும்."

மைனா கீழே பார்த்தது. மிதந்த கண்களைப் பார்த்தது. அதன் குறும்பு அப்போதே போய்விட்டது.

"அக்கா, உன் இடது பக்கம் ஒரு கொடி தொங்குது. நல்ல கெட்டிக் கிளையிலேர்ந்து இறங்குது. கையை நீட்டினா எட்டும்."

"கையில பிள்ளை இருக்கு."

"பிள்ளை உன் கையில இல்லை. உன் ரோமத்தைத் தன் கையாலயும் காலாலயும் கவ்விக்கிட்டு இருக்கு. நீதான் சும்மா அதைப் போட்டு நசுக்குறே!"

கீழிருந்து முதலை செருமியது. "தாயி, ஒண்ணு கேக்குறேன். இந்த மைனாவுக்குக் கை இருக்கா? கையே இல்லாதவ உனக்குக் கையைப் பத்திச் சொல்றா. கேட்டுக்கோ!"

நியாயமான கேள்விதான்.

"எனக்குக் கை இல்லைதான்" என்றது மைனா. "இல்லாததாலதான் ஊர்ல உள்ளவங்க கையையே பார்த்துக்கிட்டு இருக்கேன். ரோட்டோரத்து டீக்கடைக்குப் பன் பொறுக்கப் போவேன் அக்கா. அங்க டீ மாஸ்டர் பனியனோட நின்னு டீ ஆத்துவார். அவர் கையும் உன் கையும் ஒண்ணுதான். அவருக்கு ரோமம் கொஞ்சம் கம்மி."

"இப்ப அதுவா முக்கியம்?"

"அதுதான் முக்கியம்! கேளு. தோள்ல ஒரு மூட்டு இருக்கு. கிண்ணத்துக்குள்ள உருண்டை வச்ச மாதிரி எல்லாப் பக்கமும் சுத்தும். முழங்கை மூட்டு கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், அவ்வளவுதான். அந்தக் கதவை இழுக்க முன்பக்கம் ஒரு சதை, பின்பக்கம் ஒரு சதை. டம்ளரைத் தூக்கும்போது முன்சதை பன் மாதிரி திரண்டு நிக்கும். பின்சதை தொளதொளன்னு கிடக்கும். கையை நீட்டும்போது பன் பின்பக்கம் போயிடும், முன்சதை அமுங்கிடும். ஒண்ணு இழுத்தா இன்னொண்ணு விட்டுக்கொடுக்குது. ரெண்டுக்கும் இழுக்க மட்டும்தான் தெரியும் அக்கா. எதுக்கும் தள்ளத் தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மைனா கொஞ்சம் தயங்கியது. "கடைக்குப் பின்னால வெட்டிப் போட்ட கோழிக்கால் ஒண்ணு கிடந்தது. வெட்டின இடத்துல வெள்ளையா ஒரு நார் நீட்டிக்கிட்டு இருந்தது. புழுன்னு நினைச்சுக் கவ்வி இழுத்தேன். செத்துப்போன கால் விரலை மூடிச்சு!"

வேலாயியின் ரோமம் சிலிர்த்தது.

"நான் அலறிக்கிட்டுப் பறந்துட்டேன். அப்புறம் மனசு கேக்காம திரும்பி வந்தேன். நாரைத் தள்ளிப் பார்த்தேன். விரல் திறக்கவே இல்லை. மறுபக்கத்து நாரைத் தேடிப் பிடிச்சு இழுத்த பிறகுதான் திறந்தது."

முதலை கடகடவென்று சிரித்தது. "செத்த காலைப் பார்த்துப் பாடம் படிச்சிருக்கா! தாயி, இவளை நம்பி உயிரோட இருக்கிற கையை விடப் போறியா?"

கிளை முனகியது. பட்டையில் ஓர் இழை அறுந்தது. வேலாயி ஒரு சாண் கீழே இறங்கினாள். முதலையின் மூக்கும் இப்போது தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது.

"பார்த்தியா! இறுக்கு! இன்னும் இறுக்கு!" என்றது முதலை.

"போன மழையில ஒரு குரங்குகிட்டயும் இதே பேச்சுத்தான் பேசினே!" என்று மைனா கத்தியது. "அதுவும் நீ சொன்னபடி இறுக்கித்தான் பிடிச்சது. பொழுது சாயறதுக்குள்ள கை ஓய்ஞ்சு போச்சு. எங்கே இப்போ அந்தக் குரங்கு?"

முதலை பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் வேலாயிக்கு எல்லாம் புரிந்தது. முதலை எகிறிக் குதிக்கப் போவதில்லை. அவளுடைய பயமே அவளைக் களைக்க வைக்கும். அதுவரை காத்திருக்கப் போகிறது.

வேலாயி தன் இடது கையைப் பார்த்தாள். 'நீளு' என்று மனதுக்குள் சொன்னாள்.

பின்சதை இழுத்தது. ஆனால் முன்சதை விடவில்லை. அதுவும் தன் பங்குக்கு இழுத்தது. இரண்டு சதைகளும் விறைத்தன. நடுவில் அகப்பட்ட முழங்கை, இரண்டு பேர் இரண்டு பக்கமும் இழுக்கிற கதவு போல நின்றது. கை வெடவெடவென்று நடுங்கியது. அணுவளவும் நகரவில்லை.

"இது என் கை இல்லை!" என்று வேலாயி விம்மினாள். "நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது!"

"அம்மா" என்று வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. நசுங்கிய குரல். "மூச்சு முட்டுதும்மா."

வேலாயி குனிந்து பார்த்தாள். பொட்டுவின் வாய் பாதி திறந்திருந்தது. நாக்கு வெளுத்திருந்தது. இவ்வளவு நேரமும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன் கைக்குள் நடந்ததைப் பார்க்கவே இல்லை. குட்டியைக் கொல்லத் தொடங்கியிருந்தது முதலையல்ல.

"என்னை விடும்மா" என்றது பொட்டு. "நான் பிடிச்சுக்கிறேன்."

பயம் போகவில்லை. போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வேலாயி இந்த முறை கையை நீளச் சொல்லவில்லை. முன்சதையைத்தான் கேட்டாள். 'கொஞ்சம் விடு' என்று கேட்டாள்.

அது கொஞ்சம் விட்டது.

குட்டி விழவில்லை. ரோமத்தைப் பற்றியபடி மூச்சை இழுத்துவிட்டது.

முன்சதை இன்னும் கொஞ்சம் விட்டது. இதற்காகவே காத்திருந்த பின்சதை இப்போது இழுத்தது. முழங்கை திறந்தது. மணிக்கட்டு நிமிர்ந்தது. விரல்கள் விரிந்தன. கை கொடியை நோக்கிப் போனது. ஆனால் விரலுக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு விரலளவு இடைவெளி.

"எட்டலை!" என்று வேலாயி அலறினாள்.

"முழங்கை முடிஞ்சு போச்சு. தோள் இருக்கு அக்கா, தோள்! உருண்டையைத் திருப்பு!"

காதோடு ஒட்டி விறைத்திருந்த தோளை அவள் தளர்த்தினாள். கிண்ணத்துக்குள் உருண்டை திரும்பியது. கை, அவளே எதிர்பார்க்காத அளவுக்கு நீண்டது. விரல்கள் கொடியைத் தொட்டன. சுற்றி வளைத்துப் பற்றின.

"அப்பாடா!" என்றது மைனா.

"இல்லை" என்றாள் வேலாயி. "வலது கை."

வலது கையின் விரல்கள் முறிந்த கிளையைப் பிடித்தது பிடித்தபடி இருந்தன. இவ்வளவு நேரம் இறுகிக் கிடந்ததில் அவற்றுக்குத் திறக்கவே மறந்துவிட்டது போலிருந்தது. கொடி ஒரு பக்கம் இழுத்தது. கிளை ஒரு பக்கம் இழுத்தது. நடுவில் அவள்.

"அதை விடாதே தாயி!" என்று முதலை பதறியது. இந்த முறை அதன் குரலில் பாசம் இல்லை. "ரெண்டையும் பிடிச்சுக்கோ! ரெண்டும் இருந்தா நல்லதுதானே!"

பட்டை கிழியும் சத்தம் கேட்டது. நீளமான, நிதானமான சத்தம்.

கோழிக்காலின் விரல் திறந்தது மறுபக்கத்து நாரால்தான். வேலாயி உள்ளங்கையை மறந்தாள். புறங்கையை நினைத்தாள். அந்தப் பக்கம் இழுத்தாள். சுண்டுவிரல் திறந்தது. அடுத்தது திறந்தது. பிறகு மற்றவையும் திறந்தன.

கிளை விழுந்தது. வேலாயி கொடியோடு ஊசலாடினாள். பாய்ந்து எழுந்த முதலையின் மூச்சு அவள் காலில் பட்டது. தாடைகள் டமாரென்று மூடிக்கொண்டன. அகப்பட்டது காலல்ல, கிளைதான்.

எதைக் கவ்வினாலும் உருள்வது முதலையின் வழக்கம். என்ன கவ்வினோம் என்று பார்க்காமல் அது தண்ணீரில் புரண்டு புரண்டு உருண்டது. கிளையோடு விழுந்த பச்சைக் கொடிகள் அதன் மூக்கைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டன. உருள்வது நின்றபோது முதலை வாயைத் திறக்கப் பார்த்தது. முடியவில்லை. முதலையின் வாயை மூடும் சதைகளுக்கு எலும்பை நொறுக்கும் பலம் உண்டு. திறக்கும் சதைகளுக்கு அதில் கால்வாசிகூடக் கிடையாது. அதற்குப் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு விடத் தெரியாது.

"இறுக்கிப் பிடிச்சுக்கோங்க அய்யா! விட்டுடாதீங்க!" என்று மைனா மேலிருந்து கத்தியது.

வேலாயி சிரிக்கவில்லை. கொடி அழுகும் வரைதான் முதலையின் வாய் கட்டுப்பட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கெட்டிக் கிளைக்கு ஏறிப் போய், அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். குட்டியைத் தூக்கி அணைக்கக்கூட இரண்டு கைகளிலும் வலு இல்லை.

"பொட்டு, அம்மாவால உன்னைப் பிடிக்க முடியலைடா" என்றாள்.

"பரவாயில்லைம்மா" என்றது பொட்டு. அவள் கழுத்தை அதுவே ஏறிக் கட்டிக்கொண்டது.

'இறுக்கு, இன்னும் இறுக்கு' என்று மட்டுமே சொல்லும் பயத்தின் பேச்சைக் கேட்டால் பிடித்திருப்பதும் நசுங்கிப் போகும். விட வேண்டிய நேரத்தில் விடத் தெரிந்த கைதான் உயிரைக் காக்கும்.