செக்கடியில் நின்ற பாட்டு

மருதஞ்சோலைக்குக் குடிவந்த நாளிலிருந்து வடமலை பாட்டைத் தேடிக்கொண்டிருந்தான். அந்த ஊரில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. அவன் போய் உட்கார்ந்த இடத்தில் மட்டும் அது இருக்காது.

வடமலை நெடுங்கரைக்காரன், மத்தளம் வாசிப்பவன், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆறு கரையை உடைத்து நெடுங்கரையை வாரிக்கொண்டு போனபோது மற்றவர்கள் பானையையும் பசுவையும் காப்பாற்றினார்கள். இவன் ஒரு கையில் மனைவி செங்கமலத்தையும் மறு தோளில் மத்தளத்தையும் பிடித்துக்கொண்டு மேடேறினான். எதை முதலில் பிடித்தான் என்று செங்கமலம் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வதென்று அவனுக்கும் தெரியாது.

அவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தவர் கஞ்சிச்சாமி. ஊர் எல்லையில் அவருடைய மடம், மடத்தில் ஓர் அடுப்பு, அடுப்பில் எப்போதும் ஒரு கஞ்சிப்பானை. வந்தவர் யாரென்று கேட்காமல் ஊற்றுவார். வடமலையைவிட ஐந்தாறு வயது இளையவர்தான். ஆனாலும் மனக்கலக்கம் என்று வெளியூர்க்காரர்கள்கூட அவரைத் தேடி வருவார்கள். வடமலையும் விறகு பிளந்து, வாசல் பெருக்கி, கேள்வி கேட்டு, மெல்ல அவருக்குச் சீடனாகிவிட்டான்.

பாட்டு விஷயத்தில் மட்டும் கஞ்சிச்சாமி சுத்த சூனியம். அவர் பாட வாயைத் திறந்தால் மடத்துப் பூனை எழுந்து வெளியே போய்விடும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஊரார் அவர் காதுபடவே சொல்வார்கள். அவர்களை முந்திக்கொண்டு அவர் சிரிப்பார்.

அவரிடம் போய்த்தான் வடமலை கேட்டான்.

"சாமி, இந்த ஊர்ல பாட்டு எங்க இருக்கு?"

"தேடிப் பாத்தியா?"

"தேடினேன். செக்கடியில இருக்கு. குளத்துப் படியில இருக்கு. நெசவுத் தெருவுல இருக்கு. நான் போனா நின்னுடுது."

நடந்ததும் அதுதான். பொழுது சாய்ந்ததும் செக்கடியில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். செக்காட்டும் அங்கமுத்துதான் அங்கே பாடகர். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, செக்கில் சாய்ந்தபடி ஆரம்பிப்பார். ஒருவர் தாளம் போடுவார், இன்னொருவர் குழல் ஊதுவார். தெருமுனையிலேயே வடமலையின் விரல்கள் துடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் அவன் மத்தளத்தோடு உள்ளே நுழைந்ததும் அங்கமுத்து பாட்டை நிறுத்திவிடுவார். குழல் மடிக்குப் போகும். வாங்க என்பார்கள், பாய் விரிப்பார்கள், வெற்றிலை கொடுப்பார்கள். அதன்பிறகு ஒருவரும் பேசமாட்டார்கள். எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள், அவன் மத்தளத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் தரையைப் பார்ப்பார்கள். வெற்றிலை தீர்ந்ததும் அவன் எழுந்து வருவான்.

"அப்ப நீ என்ன செய்வ?" என்றார் கஞ்சிச்சாமி.

"மரியாதையா உக்காந்திருப்பேன்."

"அவங்க?"

"அவங்களும் மரியாதையாத்தான் உக்காந்திருப்பாங்க."

"அப்ப மரியாதைக்கு ஒண்ணும் குறையில்ல."

கஞ்சிச்சாமி அடுப்பில் விறகைத் தள்ளிவிடப் போய்விட்டார்.

வடமலை விடுகிற ஆள் இல்லை. குட்டிக்கரணம் போட்டாவது அந்தக் கூட்டத்துக்குள் நுழைவது என்று முடிவு கட்டியிருந்தான். மறுநாள் மத்தளத்தை மடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனான். செக்கடி மண்சுவருக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்றான். அன்று பாட்டு நிற்கவில்லை. மாலை முழுவதும் அங்கமுத்து பாடினார். வழிப்போக்கர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், அதற்கும் பாட்டு நிற்கவில்லை. வடமலை தன் தொடையிலேயே தாளம் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டான். அங்கமுத்துவின் பாட்டில் ஓரிடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மத்தளத்தின் அடி விழவேண்டிய இடம் அது. இத்தனை காலமாக அதை யாரும் நிரப்பவில்லை என்று கேட்டவுடனே தெரிந்தது. அழுகை வந்துவிட்டது அவனுக்கு.

அடுத்த நாள் மத்தளத்தோடு போனான். பாட்டு நின்றது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தான். இவர்களுக்கு என்மேல் விரோதம் இல்லை, என் மத்தளம்தான் வேண்டாம் என்று கஞ்சிச்சாமியிடம் வந்து சொன்னான்.

"மத்தளம் வேணாம்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"வாசின்னு சொன்னாங்களா?"

"அதையும் சொல்லல. கேக்காத இடத்துல எப்படிச் சாமி கை வைக்கிறது?"

அதை அவன் சும்மா சொல்லவில்லை. நெடுங்கரையில் அது சட்டம். வேற்றூர்க் கூட்டத்துக்குப் போனால், அவர்கள் பாடி, அவர்கள் கூப்பிட்டு, அதற்குப் பிறகுதான் மத்தளத்தின் உறையை அவிழ்க்கலாம். அதற்கு முன்னால் கை வைப்பது அடுத்த வீட்டு உலையில் கையை விடுவதற்குச் சமம் என்று சொல்லித்தான் அவனுக்கு வித்தை தொடங்கினார்கள். ஒருமுறை அவன் கண்ணெதிரே ஒருவன் முந்திக்கொண்டு தட்டிவிட்டான். அந்த ஆளின் மத்தளத்தைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். அந்த ஆற்றங்கரை முழுவதும் பிறகு ஒருவரும் அவனைப் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை. வடமலை அன்று சின்னப் பையன். அந்த மனிதனின் முகத்தை அவன் இன்னும் மறக்கவில்லை.

ஐப்பசி முடிந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். வடமலையின் மத்தளம் ஒரு பக்கமும் இடி வாங்காமல் மூலையில் கிடந்தது. செங்கமலத்தின் அண்ணன் கடற்கரையில் உப்பளம் வைத்திருந்தான். கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் காலை வண்டி வரும், இரண்டு பேரும் ஏறி வந்துவிடுங்கள், வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினான்.

உப்பள வேலை என்றால் வடமலைக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் விரல் நுனி வெடிக்கும். வெடித்து ஆறி, ஆறி வெடித்து, மரக்கட்டையாகிவிடும். பிறகு மத்தளம் இருந்தும் பிரயோசனம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். செங்கமலம் கோபப்படவில்லை.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்க. நாம ஆடியில வந்தவங்க, இன்னும் விருந்தாளியாவே இருக்கோம்" என்றாள். "உங்களுக்கு இந்த ஊர்ல ஒரு இடம் கிடைச்சா, நான் வண்டியத் திருப்பி அனுப்பிடுறேன். கிடைக்கலன்னா என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

வடமலை தீபத்துக்கு முந்தின நாள் வரை தினமும் செக்கடிக்குப் போனான். தினமும் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பினான்.

தீபத்தன்று பகலில் மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு கஞ்சிச்சாமியிடம் வந்தான்.

"இத நீங்க வெச்சுக்குங்க சாமி. உப்புக்காத்துல தோல் கெட்டுடும்."

"நான் வெச்சு என்ன பண்ண? பூனை படுத்துக்குமா?"

"யாராச்சும் வாசிக்கிறவங்க வந்தா குடுங்க."

கஞ்சிச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். இரண்டு மண்கலயங்களில் கஞ்சி ஊற்றி, ஆளுக்கொன்றாக வைத்தார். நடுவில் துவையலும் இரண்டு சுட்ட அப்பளமும் வைத்தார். பிறகு அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கஞ்சியிலிருந்து ஆவி பறந்தது. குரு தொடாமல் சீடன் தொடக்கூடாது. வடமலை கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கஞ்சிச்சாமியும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆவி அடங்கியது. வடமலை கலயத்தைப் பார்த்தான், பிறகு குருவைப் பார்த்தான். அவரும் கலயத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்துச் சிரித்தார். பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அதை இந்த இரண்டு பேருக்கும் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். கஞ்சியின் மேல் மெல்ல ஆடை படிந்தது.

அப்போது கூரையிலிருந்து ஒரு காக்கை இறங்கியது. இரண்டு பேரையும் ஒருமுறை தலை சாய்த்துப் பார்த்தது. அப்பளத்தில் ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

"பாவம்" என்றார் கஞ்சிச்சாமி. "அதுக்கு யாரும் மரியாதை சொல்லிக்குடுக்கல."

வடமலை சிரிக்கப்போனான். சிரிப்பு பாதியில் நின்றது. காக்கை உட்கார்ந்த இடத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, குருவை முந்திக்கொண்டு கலயத்தை எடுத்து வாயில் வைத்தான்.

அவன் ஒரு வாய் விழுங்கியதுதான் தாமதம், கஞ்சிச்சாமி தன் கலயத்தைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மிச்சமிருந்த அப்பளத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்.

வடமலை எழுந்து கை கழுவினான். மத்தளத்தை மறுபடி தோளில் மாட்டினான்.

"எங்க?" என்றார் கஞ்சிச்சாமி.

"செக்கடிக்கு."

வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் செக்கடிக்குப் போய்ச் சேர்ந்தான். அவனைக் கண்டதும் பாட்டு நின்றது. பாய் வந்தது. வெற்றிலை வந்தது. வடமலை வெற்றிலையைத் தொடவில்லை. மத்தளத்தின் உறையை அவிழ்த்தான். வாசலுக்குத் தூக்கி வைக்கப்பட்ட அந்தப் பழைய மத்தளம் கண்முன் வந்தது. வைத்தால் வைக்கட்டும், காலையில் எப்படியும் வண்டி வருகிறது என்று நினைத்தான். மத்தளத்தை மடியில் கிடத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கேட்காத இடத்தில் கை வைத்தான்.

ஓர் ஆவர்த்தனம் வாசித்தான். ஒருவரும் அசையவில்லை. தன் அவமானம் தனக்கே கேட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. இரண்டாவது ஆவர்த்தனமும் வாசித்தான்.

அது முடிவதற்குள் தாளம் சேர்ந்துகொண்டது. பிறகு குழல். பிறகு அங்கமுத்து நெடுமூச்சு ஒன்றை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார். அந்தப் பள்ளம் வந்தது. வடமலை அங்கே மத்தளத்தின் அடியை விழவைத்தான். அங்கமுத்து பாடிக்கொண்டே அவன் பக்கம் திரும்பினார்.

பாட்டு முடிந்ததும் அவர்தான் பேசினார்.

"ஆடி மாசத்துலேருந்து காத்துக் கெடக்கோம் ஐயா. வாத்தியத்தோட விருந்தாளி வந்துட்டா, அவர் வாசிக்கிற வரைக்கும் எங்க ஊர்ல யாரும் பாடவும் கூடாது, வாசிங்கன்னு கேக்கவும் கூடாது. நீங்க வர்றீங்க, உக்காருறீங்க, போறீங்க. ஆத்தங்கரை வித்துவான், நம்ம பாட்டு இவர் காதுக்கு ஒப்பலபோலன்னு நாங்க எவ்வளவு நொந்துபோனோம் தெரியுமா?"

வடமலை பதிலுக்கு மத்தளத்தைத்தான் மறுபடி தட்டினான்.

காலையில் வண்டி வந்தது. செங்கமலம் அண்ணனின் ஆளுக்குக் கஞ்சி கொடுத்து, வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பினாள்.

வண்டி போன பிறகு வடமலை கஞ்சிச்சாமியைத் தேடிப் போனான். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"பானையில இருக்கு" என்றார். "நீயே ஊத்திக்க. எனக்கும் சேத்து ஊத்து."

இத்தனை மாதங்களில் அவர் அவனிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. அவன் இரண்டு கலயங்களில் ஊற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"சாமி, இந்த ஊர் வழக்கம் உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"எந்த வழக்கம்?"

"வந்தவங்கதான் முதல்ல வாசிக்கணும்கிறது."

"பாட்டப்பத்தி எனக்கென்னப்பா தெரியும்? நான்தான் அந்தப் பக்கமே போறதில்லையே."

"அப்ப நேத்து ஏன் கஞ்சியத் தொடாம உக்காந்திருந்தீங்க?"

"நீ விருந்தாளி. நீ முதல்ல குடிக்கட்டும்னு இருந்தேன். நல்ல பசி வேற."

வடமலைக்குத் தாங்கவில்லை.

"அவ்வளவு பசிச்சா நீங்க குடிச்சிருக்கலாமே சாமி. நான் உங்களுக்காகத்தானே காத்திருந்தேன்."

"நானும் அதையேதான் நெனச்சேன்" என்றார் கஞ்சிச்சாமி. "பேசிக்கிட்டே இருக்கியே, ஆடை படியுது பாரு."