மகிழ்ச்சி என்ன பெயர்?

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், மகுடவர்மன் என்ற அரசனுக்கு ஓயாத கொட்டாவி. குளிப்பாட்ட ஓர் ஆள், பாக்கு வெட்டித் தர ஓர் ஆள், செருப்பு மாட்டிவிட ஓர் ஆள். அவன் தானாகச் செய்த ஒரே வேலை கொட்டாவி விடுவதுதான்.

"பண்டிதரே, எனக்கு மகிழ்ச்சியே இல்லையே, ஏன்?" என்று ஒருநாள் சபையில் கேட்டான்.

பரமானந்த பண்டிதர் தத்துவமும் இலக்கணமும் கரைகண்டவர். விகடகவி தோழப்பன் வாய் திறந்தால் சபை சிரிக்கும். இவர் திறந்தால் சபை தூங்கும். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு நெடுநாளாக உண்டு.

"அரசே, மகிழ்ச்சி பெயர்ச்சொல். பெயர் உண்டென்றால் பொருள் உண்டு. பொருளைக் கொண்டுவரலாம். அதைத் தோழப்பன்தான் வீட்டில் பதுக்கியிருக்கிறான். இல்லாவிட்டால் எந்நேரமும் எப்படிப் பல்லைக் காட்டுகிறான்?"

"தோழப்பா, நாளை அதைச் சபைக்குக் கொண்டு வா. தவறினால் நாட்டைவிட்டுப் போ" என்றான் அரசன்.

தோழப்பன் வந்து நடந்ததைச் சொன்னதும், வீட்டில் மனைவி செங்கமலம் புதிதாக வேய்ந்த கூரையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அழுதபடியே தோசை வார்த்தாள். தோசை முறுகலாக எழும்பியதும், "இதப் பாருங்களேன்!" என்றாள். அவன் பார்த்தது தோசையை அல்ல, மலர்ந்துவிட்ட அவள் முகத்தை.

மறுநாள் அடுப்பு, கல், மாவுச்சட்டியோடு சபைக்குப் போனான்.

"மகிழ்ச்சி எங்கே?"

"சட்டியில் மாவாக இருக்கிறது, அரசே. சுட்டுக் கொண்டுவந்தால் வழியிலேயே ஆறிவிடும். தாங்களே வார்க்க வேண்டும்."

"அரசர் கையில் கரண்டியா!" என்று பண்டிதர் துள்ளினார்.

"வேண்டாமென்றால் சட்டியிலேயே புளிக்கட்டும்."

அரசன் இறங்கி வந்தான். முதல் தோசை கல்லைவிட்டு வர மறுத்தது. அடுத்தது கிழிந்தது. அரசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மகுடத்தைக் கழற்றிச் சேவகனிடம் கொடுத்தான். கத்தரிக்காய்க் காம்பால் எண்ணெய் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வார்த்தான். இம்முறை ஓரமெல்லாம் சிவந்து முழுசாக எழும்பியது.

"வந்துவிட்டது! பாருங்களய்யா, இதைப் பாருங்கள்!"

"இது தோசை. மகிழ்ச்சி எங்கே? பெயர்ச்சொல்லைக் காட்டடா!" என்றார் பண்டிதர்.

"பெயர்தான், ஐயா. ஆனால் என்ன பெயர்?"

"தொழிற்பெயர்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, பண்டிதர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"தொழிலில்லாமல் தொழிற்பெயர் பிறக்குமா? அரசரின் தொழிலையெல்லாம் நாம் பிடுங்கிக்கொண்டு பெயரை மட்டும் தேடச் சொன்னோமே!"

மாவு ஒட்டிய மீசை குலுங்க அரசன் சிரித்தான். பொற்காப்பைக் கழற்றித் தோழப்பனுக்கு மாட்டினான். முறுகல் தோசையை மட்டும் தரவில்லை. "இது நான் வார்த்தது" என்றான். கிழிந்தது பண்டிதருக்குப் போயிற்று.

"நாளைக்கு மாவு?" என்று அரசன் கேட்டான்.

"பண்டிதர் ஆட்டட்டும், அரசே. அவருக்கும் மகிழ்ச்சி வேண்டாமா?"